சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவின கதை

இன்னைக்கு லேப்டாப்பை மூடி வெச்சுட்டு கராஜுக்குப் போறோம்.

என்கிட்ட 1996 மாஸ்டா மியாட்டா ஒண்ணு இருக்குன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். ரெண்டே சீட், மடிக்கிற துணிக் கூரை, எழுந்து நிக்கிற ஹெட்லைட். என்னைவிட ரெண்டு வயசு பெரியது. கூரையைத் திறந்தபடியே டெக்சாஸ் வெயில்ல பல வருஷம் நின்ன வண்டி. டிரைவர் சீட் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க! முக்கியமா கதவுப் பக்க மேடு. வண்டி ரொம்பத் தாழ்வா இருக்கிறதால, ஏறும்போதும் இறங்கும்போதும் அது மேலதான் உரசிட்டுப் போகணும். அங்கே நிறமே போயி, வறண்ட ஏரி மாதிரி வெடிச்சிருந்தது.

தமிழ்ல நம்ம உடம்பு மேல இருக்கிறதும் தோல்தான், லெதரும் தோல்தான். என் குழப்பமே அங்கதான் ஆரம்பிச்சுது. வறண்ட தோலுக்கு என்ன பண்ணுவோம்? எண்ணெய் தடவுவோம். நானும் வீட்ல இருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து சீட் பூரா தேய்ச்சேன். ஒரு வாரம் பளபளன்னு இருந்தது. அப்புறம் வெள்ளைச் சட்டை ஒண்ணு போச்சு.

பெரும்பாலான கார் சீட்ல நாம தொடுறது தோலே இல்லை, அதுமேல இருக்கிற பெயின்ட். பதப்படுத்தின தோலுக்கு மேல நிறப் பூச்சு, அதுக்கும் மேல ஒளி ஊடுருவுற பாலியூரித்தேன் பூச்சு. பூச்சு நல்லா இருக்கிற இடத்துல எண்ணெய் உள்ளே போகாம மேலேயே பிசுபிசுன்னு நிக்கும். பூச்சு தேஞ்ச இடத்துல உள்ளே இறங்கிடும். அதாவது, எந்த இடத்தைச் சரிபண்ணணுமோ அந்த இடத்தை நானே நாசம் பண்ணிட்டேன்.

எப்படித் தெரிஞ்சுதுன்னா, ஒரு சனிக்கிழமை ஆசையா லெதர் கலர் வாங்கி அடிச்சேன். அழகா வந்தது. முதல் வெயில் நாள்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து பார்த்தா, கலர் ஏடு ஏடா உரிஞ்சு என் ஜீன்ஸ்ல ஒட்டியிருக்கு. அன்னைக்கு ரெடிமேட் வினைல் கவர் ஆர்டர் பண்ற பக்கம் வரைக்கும் போயிட்டேன். உண்மையைச் சொன்னா, வீம்புலதான் அதை மூடினேன்.

ரெண்டாவது தடவை சீட்டையே கழட்டினேன். தரையில நாலு போல்ட், 14 மில்லிமீட்டர் சாக்கெட் போதும். (உங்க வண்டி புதுசா, சீட் பக்கவாட்டுல ஏர்பேக் இருக்கா? அப்போ இதை வீட்ல பண்ணாதீங்க.) லெதர் கிளீனரும் மெல்லிய பிரஷும் வெச்சுத் தேய்க்கத் தேய்க்கத் துணி கறுப்பாச்சு. பாதி இடத்துல கிழிசல்னு நினைச்சது வெறும் அழுக்கு! காஞ்சதும் ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பார்த்தேன். முத்தா நின்னா பூச்சு உயிரோட இருக்கு. கறுத்து உள்ளே இறங்கினா போச்சு.

எண்ணெயை வெளியே எடுக்கிறதுதான் நரகம். லெதர் டீகிரீசர் போட்டு, ஒத்தி எடுத்து, ஒரு நாள் காயவிட்டு, திரும்பவும். மூணு தடவை. அப்புறம் 600 நம்பர் உப்புத்தாளால லேசா தேய்ச்சு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால துடைச்சேன். அதையும் அழுத்தித் தேய்ச்சா நல்ல பூச்சும் கரையும், ஜாக்கிரதை. வெடிப்புல ஃபில்லரை மெல்லிசா நாலைஞ்சு தடவை இழுவினேன். ஒரே தடவையா அப்பினா, உட்கார்ந்து எழும்போது மறுபடி வெடிக்கும். கலரும் அப்படித்தான்: ஸ்பாஞ்சுல ஒத்தி, ஹேர் டிரையரை மிதமான சூட்டுல காட்டி, அஞ்சு கோட். கடைசியா மேட் டாப்கோட். பளபளப்பு வேணாம், புது லெதர் பளபளக்காது, அழுக்குதான் பளபளக்கும்.

இந்தத் தடவை ஒரு கோடை முழுக்கத் தாங்கிடுச்சு. ஆனா ஒரு கூத்து. வெயில் படாத சீட் அடிப்பக்கத்தைப் பார்த்துத்தான் கலர் மேட்ச் பண்ணினேன். அது 1996-ல இருந்த நிறம். பக்கத்து சீட் இத்தனை வருஷ வெயில்ல வெளுத்துப்போனது. ரெண்டும் வேற வேற வண்டியிலிருந்து வந்த மாதிரி இருக்கு.

அதனால இந்த வார இறுதியில பக்கத்து சீட்டைக் கழட்டறேன். அதுலயும் தேங்காய் எண்ணெய் இருக்கு.