திரைக்கு அப்பால் ஒரு டாக்டர்

(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



நோயாளி ஓரிடத்திலும் டாக்டர் வேறோரிடத்திலும் இருக்க, தொலைத்தொடர்பு வாயிலாக நடைபெறும் வைத்தியமே தொலைமருத்துவம். இதற்கென மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை 2019-ஆம் ஆண்டில் தொடங்கியது. 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ நெறிமுறைகளும் வெளியாயின. துணைச் சுகாதார நிலையத்தில் அமர்ந்தவாறே டாக்டரின் ஆலோசனையைப் பெறலாம். ஒரு நாள் கூலியை இழந்து நகரத்திற்குப் பஸ் ஏறும் சிரமம் பல வேளைகளில் நீங்கும்.

ஆயினும், திரையின் வழியே டாக்டரால் நாடி பிடிக்கவோ, வயிற்றைத் தொட்டுப் பார்க்கவோ இயலாது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பார்த்துக் கூறுபவர் அருகிலுள்ள செவிலியரே. அவரே இத்திட்டத்தின் அச்சாணி.

அவருக்குத் துணையாகப் பஞ்சாயத்து கவனிக்கவேண்டியவை மூன்று: தடையற்ற மின்சாரமும் இணைய இணைப்பும், ஆலோசனை நேரத்தைக் குறிக்கும் அறிவிப்புப் பலகை, பேச்சு வெளியே கேளாத தனி அறை. பலர் முன்னிலையில் தம் நோயைக் கூறப் பெண்கள் தயங்குவர் அல்லவா?

மருந்துச் சீட்டில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள்.

இன்னொன்றை மறவாதீர்கள். பாம்புக்கடி, மார்வலி, பூச்சிமருந்து விஷம், பிரசவ வேதனை ஆகியவற்றிற்குத் திரைமுன் காத்திருத்தல் ஆகாது. உடனே 108-ஐ அழையுங்கள். அவசர நிலையில் நேரடிச் சிகிச்சைக்கு அனுப்பவேண்டும் என்பதே நெறிமுறை.

அடுத்த கூட்டத்திலேயே தனி அறைக்கான தீர்மானத்தை நிறைவேற்றுவீர்கள் என நம்புகிறேன்.