பல் எடுக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

(நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு பேங்கில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். ஆனால் கடந்த இரண்டு வருஷத்தில் எங்கள் வீட்டில் மட்டும் நாலு பல் எடுத்தாயிற்று. எனக்கு இரண்டு, என் மனைவிக்கு ஒன்று, மைத்துனருக்கு ஒன்று. டாக்டரிடம் கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். செயலாளர் சார் அதைப் பார்த்துவிட்டு, இதையே கூட்டத்தில் பேசுங்கள் என்றார்.

பல் எடுப்பதென்றால் நமக்கெல்லாம் பயம் ஊசி மேலும் குறடு மேலும்தான். உண்மையில் அது பெரும்பாலும் பத்து, இருபது நிமிஷ வேலை. அந்த நேரத்தில் வாயைத் திறந்து வைத்திருப்பதைத் தவிர நமக்கு வேலை கிடையாது. நாம் கவனமாக இருக்க வேண்டியது நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலும், எழுந்த பிறகும்.

போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். "பல்லுக்கும் ஹார்ட் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்" என்று சிலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் சாப்பிடுவார்கள். இது ரத்தத்தை இளக்கி வைக்கும் மாத்திரை. பல் எடுத்தால் ரத்தம் நிற்காதோ என்று தாங்களாகவே நாலு நாள் நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. அது பெரிய ஆபத்து. பல் குழியில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து, தேவைப்பட்டால் தையல் போட்டு நிறுத்திவிடலாம். ஸ்டென்ட்டில் அடைப்பு வந்தால் அப்படிச் சமாளிக்க முடியாது. நிறுத்துவதா வேண்டாமா என்பதை ஹார்ட் டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். பல சமயம் நிறுத்தாமலேயே எடுத்துவிடுகிறார்கள். வார்ஃபரின், ஏசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்கு ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். வால்வு மாற்றியவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தரவேண்டி இருக்கும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ, ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு ஊசியோ போட்டுக்கொள்கிறீர்களா? அலெண்ட்ரோனேட், சோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் என்று பெயர் இருக்கும். இவற்றைப் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் வந்தால் லேசில் போகாது. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மரத்துப்போகும் ஊசிதான் போடுவார்கள் என்றால் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. சுகர்காரர்கள் டிபனும் மாத்திரையும் வழக்கம்போல் முடித்துக்கொண்டு காலை நேரத்திலேயே போவது நல்லது. பி.பி. எகிறிக் கிடந்தால் அன்றைக்கு வேண்டாமென்று திருப்பி அனுப்புவார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பல்லை வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற வழி இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் நடந்ததை 2025-ல் பேப்பரில் படித்திருப்பீர்கள். 2022, 2023-ல் அந்த வட்டாரத்தில் 21 பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற தொற்று மூளையைத் தாக்கியது. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற ஒரு பாக்டீரியாவால் வருவது. அவர்களில் 10 பேர் ஒரே பல் கிளினிக்குக்குப் போய் வந்தவர்கள். அந்த 10 பேரில் 8 பேர் இறந்துபோனார்கள். வேலூர் சி.எம்.சி.யும் ஐ.சி.எம்.ஆரும் தமிழகப் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து ஆராய்ந்ததில், ஒரு சலைன் பாட்டிலில் போய் நின்றது விஷயம். ஈறைப் பிரிக்கும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அதையே அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் ஊற்றியிருக்கிறார்கள். பல்வலி என்று நடந்து போனவர்கள் அவர்கள்.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. தினமும் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் பல் எடுத்துக்கொண்டு நல்லபடியாக வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் உட்காரும்போது, "கருவியெல்லாம் ஸ்டெரிலைஸ் பண்ணினதுதானே டாக்டர், பாட்டில் புதுசுதானே" என்று கேட்பதில் தப்பே இல்லை. கவரை நம் எதிரில் பிரிக்கிறார்களா, கையுறை மாற்றுகிறார்களா என்று பாருங்கள். எங்கள் கேஷ் கவுண்டரில், "பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டுச் செல்லவும்" என்று போர்டு வைத்திருந்தோம். எண்ணிப் பார்த்த கஸ்டமர் யாரிடமும் கேஷியர் கோபப்பட்டதில்லை. ஒழுங்காக நடத்துகிற டாக்டர் சிரித்துக்கொண்டே காட்டுவார். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம். புத்தூரில் நம் அரசு பெரிய ஆஸ்பத்திரியிலும் பல் பிரிவு இருக்கிறது.

ஊசி போட்ட ஐந்து, பத்து நிமிஷத்தில் உதடு வீங்கினாற்போல் தோன்றும், வீங்கியிருக்காது. சிலருக்குக் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், ஊசியில் அட்ரினலின் கலந்திருப்பதால். பல்லை அசைக்கும்போது அழுத்தம் தெரியும், தாடைக்குள் 'நறுக் நறுக்' என்று சத்தம் கேட்கும். சுருக்கென்ற வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கலாம் என்றால், கடிப்பதற்கு அந்தப் பல்தான் இல்லையே.

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று என் மாமியார் கடைசி வரை நம்பினார். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. சொத்தைப் பல்லை எடுக்காமல் சீழ் பிடிக்க விடுவதுதான் ஆபத்து.

எடுத்து முடித்ததும் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். நடுவில் எடுத்தெடுத்துப் பார்க்கக் கூடாது. அந்தக் குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி மாதிரி உட்காரும். அதற்கு அடியில்தான் புண் ஆறுகிறது. ஃபிக்சட் டெபாசிட்டை நடுவில் உடைத்தால் வட்டி மட்டும்தான் குறையும். இந்த மூடியை உடைத்தால் எலும்பு வெளியே தெரிந்து, மூன்றாம் நாள் காது வரை வலி இழுக்கும். ட்ரை சாக்கெட் என்கிறார்கள். அதனால் முதல் 24 மணி நேரம் துப்பாதீர்கள், எச்சிலை விழுங்கிவிடுங்கள். கொப்பளிக்காதீர்கள். பார்க்க வருகிறவர்கள் இளநீர் வாங்கி வருவார்கள். அதை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டாம். பீடி, சிகரெட், வெற்றிலை, புகையிலை எதுவும் ஆகாது.

சூடான காபி அன்றைக்கு வேண்டாம். மரப்பு விடும்வரை எதையும் மெல்லாதீர்கள், நாக்கையும் உதட்டையும் கடித்துக்கொள்வீர்கள். அப்புறம் குழைந்த தயிர் சாதம், ஆறின இட்லி போதும். ஐஸ் ஒத்தடம் கன்னத்தின் வெளியே, துணியில் சுற்றி. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிக்கலாம். கிராம்புத் தைலம், மஞ்சள், டிகாக்ஷன் தூள் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். குழிக்குள் எதையும் வைக்காதீர்கள். வலி மாத்திரை டாக்டர் எழுதியது மட்டும். கிட்னி கோளாறு உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சில வலி மாத்திரைகள் அவர்களுக்கு ஒத்துவராது.

முதல் நாள் எச்சில் லேசாகச் சிவந்திருப்பது சகஜம். வாய் நிறைய ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து அரை மணி கடியுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் டாக்டருக்கு போன். வலியும் வீக்கமும் நாளாக ஆகக் குறையவேண்டும். மூன்றாம் நாளுக்கு மேல் அதிகமானால் திரும்பப் போய்க் காட்டுங்கள். காய்ச்சலோடு வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தாலோ ராத்திரி இரண்டு மணியானாலும் பிள்ளைகளை எழுப்புங்கள், 108-க்கு அடியுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள்.

ஈறு மூட இரண்டு மூன்று வாரம் ஆகும். உள்ளே எலும்பு நிரம்ப மாதக்கணக்கு. பல் செட் கட்டுவதோ இம்ப்ளான்ட்டோ அதற்குத் தகுந்தாற்போல் டாக்டர் நாள் சொல்வார். செலவு எவ்வளவு என்று பின் வரிசையில் யாரோ கேட்கிறீர்கள். அது பல்லுக்குப் பல் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.