நெசவாளி வைத்த கடை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இந்த மாதம் யாரைப் பற்றி பேசலாம் என்று கேட்டபோது ஒரு ஊக்குநர் அக்கா, “டாடா, அம்பானின்னு தூரத்து ஆளுங்க வேணாம்மா, நம்ம ஊர் ஆளைச் சொல்லு” என்றார். நியாயமான பேச்சு. அதனால் நல்லி சின்னசாமி செட்டியாரைப் பற்றி சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

நல்லி என்றால் சென்னையில் பெரிய பட்டுக் கடை என்று எல்லோருக்கும் தெரியும். அதை ஆரம்பித்தவர் நம்ம காஞ்சிபுரத்து நெசவாளி. 1928-ல் தியாகராய நகரில் சின்னதாக ஒரு கடை போட்டார். இன்றைக்கு பனகல் பார்க் பக்கம் நடக்க இடம் கிடையாது. அப்போது அது புது ஊர். மாம்பலம் ஏரித் தண்ணீரை வடித்து, 1920-களில்தான் மனை பிரித்து வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். மாதச் சம்பளக்காரர்கள் குடிவரும் இடம், கல்யாணம் காட்சிக்குப் பட்டு எடுக்கிற குடும்பங்கள். கூட்டம் சேருவதற்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்தார் பாருங்க, அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

கடுமையாக உழைத்தார், அதனால் முன்னேறினார் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. உழைப்பு மட்டும் போதும் என்றால் நம்ம பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு ஒரு நல்லி இருக்கணுமே! நெய்கிறவருக்கு கிடைப்பது கூலி. விற்கிறவருக்குத்தான் லாபம். சேலை என்ன விலைக்குப் போனது என்பது கூலிக்கு நெய்கிறவருக்குத் தெரியவே தெரியாது. சின்னசாமி செட்டியார் தறியை விட்டு எழுந்து, வாங்குகிற அம்மாவின் எதிரிலேயே போய் நின்றார். எந்தக் கலர் கேட்கிறார்கள், எந்தக் கரை கேட்கிறார்கள் என்பது அவர் காதுக்கு நேராக வந்தது. ஒரு நெசவாளிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

காலமும் சுலபமானதில்லை. கடை வைத்த மறு வருஷம் 1929-ல் உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் ஜனங்கள் மெட்ராஸைக் காலி பண்ணிக்கொண்டு வெளியூர் போனார்கள். இரண்டையும் தாண்டி கடை நின்றது. பிறகு மகன் நாராயணசாமி. 1956-ல் பேரன் குப்புசாமி செட்டியார் பொறுப்புக்கு வந்தபோது அவர் பதினைந்து, பதினாறு வயதுப் பையன். அவருக்குத்தான் 2003-ல் பத்மஸ்ரீ, 2025-ல் பத்மபூஷண் கொடுத்தார்கள்.

இனி நமக்கு வேண்டிய இடத்துக்கு வருகிறேன். அந்தக் குடும்பத்தில் இருந்து ஒரு பெண் வியாபாரத்துக்கு வந்தது எப்போது தெரியுமா? 2005-ல். ஐந்தாவது தலைமுறை, குப்புசாமி செட்டியாரின் பேத்தி லாவண்யா. கணக்கு போட்டுப் பாருங்க, 77 வருஷம். பெண்கள் கட்டுகிற சேலை, பெண்கள் வந்து வாங்குகிற கடை! குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. பெரிய வீட்டிலேயே அப்படி என்றால் நம்ம வீட்டில் எப்படி என்று பார்க்கத்தான்.

நம்ம வீட்டில் தறியில் உட்கார்கிறவர் வீட்டுக்காரர். சரி. தார் சுற்றுவது யார்? விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டி கஞ்சி போடும்போது கூட நிற்பது யார்? அறுந்த இழையை முடிவது யார்? கோர்வைச் சேலைக்கு கரை பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்தால்தான் நெய்யவே முடியும். அந்த ஆள் பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் மகள். 2019-20-ல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களும் சேர்த்து 35 லட்சத்துக்கு மேல். அதில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள். ஆனால் முதலாளி வீட்டு கூலி நோட்டில் யார் பெயர் இருக்கிறது?

குழுவில் கடன் எடுக்கும்போது மட்டும் உங்கள் பெயர். “பட்டு வாங்க, ஜரிகை வாங்க” என்று தீர்மான நோட்டில் எழுதுகிறோம். தவணை நீங்கள் கட்டுகிறீர்கள். சேலை அவர் பெயரில் போகிறது, கூலி அவர் பெயரில் வருகிறது. நாளைக்கு அவருக்கு உடம்பு முடியாமல் போனால், இருபது வருஷம் இந்தத் தொழில் செய்தேன் என்று காட்ட உங்கள் கையில் ஒரு காகிதம் இல்லை. இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்று ஒரு தங்கை முணுமுணுக்கிறார், எனக்குக் கேட்கிறது. வரலாம்தான். முதலில் சண்டைக்கு வராத ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இந்த மாதம் நெய்கிற ஒரு சேலைக்கு தார் சுற்ற எத்தனை மணி, பாவு வேலைக்கு எத்தனை மணி, கோர்வைக்கு எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்று எழுதுங்க. எழுத வராதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்க. கூலி எவ்வளவு வந்தது, முடிந்தால் அதே மாதிரி சேலை காந்தி ரோடு கடையில் என்ன விலை என்று விசாரித்து அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்க. அடுத்த மாதக் கூட்டத்துக்கு நோட்டோடு வாங்க. தறி வேலை இல்லாத குழுக்கள் இட்லி மாவு, தையல், மாடு என்று அவரவர் வேலையை எழுதலாம். எல்லா நோட்டையும் நடுவில் வைத்துக் கூட்டிப் பார்ப்போம்.