புலப்படத்தைப் பெரிதாக்கும்போதும் வெட்டும்போதும்

(நெய்வேலி நகரியத்தில் பணி ஓய்வு பெற்றவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், சுரங்க வரைபடப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்மில் பலருக்கு ஒரே கதைதான். இந்த வட்டம், அந்த வட்டம்னு குவார்ட்டர்ஸ்லயே வாழ்க்கை ஓடிடுச்சு. ரிட்டயர் ஆனதும் சாவியை ஒப்படைச்சுட்டு, வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கம் வாங்கிப் போட்ட மனைக்குப் போறோம். அப்பதான் எல்லைக்கல், உட்பிரிவு, எஃப்.எம்.பி.ங்கிற வார்த்தையெல்லாம் காதுல விழுது.

எஃப்.எம்.பி.ன்னா புலப்படம். ஒரு சர்வே எண்ணுக்குள்ள இருக்கிற நிலத்தோட வடிவம், உட்பிரிவுகள், ஒவ்வொரு பக்கத்தோட நீளம் எல்லாம் அதுல இருக்கும். அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்துல மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தா செல்போன்லயே பார்த்து இறக்கிக்கலாம். நல்ல வசதி. ஆனா இறக்கின பிறகு நாம அதை என்ன பண்றோம்கிறதுலதான் சிக்கல்.

எனக்கு நடந்ததையே சொல்றேன். படத்தை ஒரு கடையில கொடுத்து பிரிண்ட் எடுத்தேன். 1:1000 அளவுன்னு போட்டிருந்துச்சு. அதாவது படத்துல 1 சென்டிமீட்டர், தரையில 10 மீட்டர். ஸ்கேலை வச்சு அளந்தா பக்கத்து மனையோட முகப்பு 17 மீட்டர். டேப்பை எடுத்துக்கிட்டு தரையில அளந்தா, அவர் வேலி 18 மீட்டர் நிக்குது. 'ஒரு மீட்டரை வளைச்சுட்டாரு'ன்னு முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டுப் போய்ச் சண்டை போட்டுட்டேன். அவர் என்னோட இருபது வருஷம் ஒரே ஷிப்டு பஸ்ல வந்தவர்.

அப்புறம் ஒரு சர்வேயர் தம்பி படத்தைப் பார்த்துட்டுக் கேட்டார்: "அண்ணே, கோட்டு மேலேயே 18.0ன்னு எழுதியிருக்கே, படிக்கலையா?" பிரிண்ட் எடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' போட்டிருக்கு. தாளுக்குள்ள அடங்கட்டும்னு படம் 94 சதவீதமா சுருங்கியிருக்கு. படம் சுருங்கினாலும், 1:1000ங்கிற எழுத்து மாறலை. சுரங்க வரைபடம் போட்ட ஆளுக்கே இந்தக் கதின்னா பாருங்க!

நீளம் 94 சதவீதம் ஆனா பரப்பு 88 சதவீதம்தான் வரும், ஏன்னா ரெண்டு பக்கமும் குறையுது. 5 சென்ட் மனை, ஸ்கேலை வச்சுக் கணக்குப் போட்டா 4.4 சென்ட்னு காட்டும். இல்லாத 250 சதுர அடிக்காக கோர்ட்டு வரைக்கும் போயிடலாம்.

அதனால முதல் பாடம்: பிரிண்ட் எடுக்கும்போது 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம்னு கேட்டு எடுங்க. 20 மீட்டர்னு எழுதின கோடு ஒண்ணைப் பிடிச்சு அளந்து பாருங்க. 1:1000 படத்துல அது சரியா 2 சென்டிமீட்டர் வரணும். வரலைன்னா ஸ்கேலை மடக்கி வச்சுட்டு, எழுதியிருக்கிற எண்ணை மட்டும் நம்புங்க.

சரி, வீட்டுல எல்லாரும் பார்க்கிற மாதிரி படத்தைப் பெருசாக்கணும். ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீங்க. அது புள்ளி புள்ளியா இருக்கிற படம், பெருசாக்கினா உடையும். பி.டி.எஃப்.பைத் திறந்து நல்லா பெருசாக்கிப் பாருங்க. கோடு கூர்மையாவே இருந்தா அது வெக்டர் படம். வாட்ஸ்அப்ல அனுப்பும்போதும் போட்டோவா இல்லாம 'டாக்குமெண்ட்'டா அனுப்புங்க.

வெக்டர் படத்தை கம்ப்யூட்டர்ல இங்க்ஸ்கேப்ங்கிற இலவச மென்பொருள்ல திறக்கலாம். எல்லாத்தையும் தேர்வு பண்ணி ஒரே குழுவா சேர்த்துடுங்க. அகலம், உயரம் ரெண்டுக்கும் நடுவுல ஒரு பூட்டு இருக்கும். அதைப் பூட்டிட்டு அளவை மாத்தினாதான் ரெண்டும் ஒரே விகிதத்துல மாறும். இல்லைன்னா சதுர மனை நீள்சதுரம் ஆயிடும். 200 சதவீதம் பெருசாக்கினா 1:1000 படம் 1:500 ஆகுது. எழுதியிருக்கிற 1:1000 இப்போ பொய். அதனால பெருசாக்குறதுக்கு முன்னாடியே '10 மீட்டர்'னு ஒரு அளவுக்கோடு போட்டு அதையும் குழுவுல சேர்த்துடுங்க. படத்தோட சேர்ந்து அதுவும் வளரும், சுருங்கும், பொய் சொல்லாது.

இன்னொண்ணு. 1:1000 படத்துல 1 மில்லிமீட்டர் தடிமன் கோடு, தரையில 1 மீட்டரை மூடுது. படம் பெருசாகும், துல்லியம் பெருசாகாது. பத்து மடங்கு பெருசாக்கிட்டு, 'என் கல்லு கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா'ன்னு தேடுறதுல அர்த்தமே இல்லை.

அடுத்து வெட்டுறது. பெரிய புலத்துல நம்ம உட்பிரிவு மட்டும் போதும்னு நினைப்போம். ஒரு கட்டம் வரைஞ்சு, படத்தையும் கட்டத்தையும் சேர்த்துத் தேர்வு பண்ணி 'கிளிப்' கொடுத்தா கட்டத்துக்குள்ள இருக்கிறது மட்டும் தெரியும். ஆனா வெளியில இருந்தது அழியலை, மறைஞ்சுதான் இருக்கு. கிளிப்பை எடுத்துட்டா எல்லாம் திரும்ப வந்துடும். ஓரத்துல நீங்க குறிச்சு வச்ச விலை, போன் நம்பர் எல்லாம் கோப்பை வாங்கினவர் பார்க்கலாம். அதனால வேண்டாததை முதல்ல நிஜமாவே அழிச்சுட்டு, அப்புறம் அனுப்புங்க.

எதை வெட்டினாலும் கிராமப் பெயர், புல எண், வடக்கு அம்புக்குறி, அளவு, சுத்தி இருக்கிற பக்கத்துப் புல எண்கள் இதையெல்லாம் வெட்டாதீங்க. இதெல்லாம் போயிட்டா அது யார் நிலம்னே தெரியாத ஒரு கோட்டுப்படம்தான்.

கடைசியா, நாம மாத்தின படம் நம்ம வசதிக்கு மட்டும். வங்கிக்கோ அலுவலகத்துக்கோ இறக்கின மூலப் படத்தை அப்படியே கொடுங்க. எல்லையில சந்தேகம்னா நில அளவைக்கு இணையத்துலயோ இ-சேவை மையத்துலயோ விண்ணப்பிங்க. சர்வேயர் வந்து பக்கத்துக்காரர் முன்னாடி அளந்து காட்டட்டும். பிரிண்டையும் ஸ்கேலையும் வச்சு சண்டைக்குப் போகாதீங்க.

நான் அந்த நண்பர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "டீ சாப்பிடுறியா?"ன்னு கேட்டார். எல்லாருக்கும் அப்படி ஒரு பக்கத்துக்காரர் அமைவார்னு சொல்ல முடியாது. அதனாலதான் இவ்வளவு நேரம் பேசினேன்.