வெள்வேலங்காய் உதிரும் காலம்

கோடை விடுமுறை என்றதும் எனக்கு ஒரு சத்தம்தான் நினைவுக்கு வரும். தொரட்டியால் கிளையை உலுக்கினால் காய்கள் சலசலவென்று உதிருமே, அந்தச் சத்தம்.

குண்டடம் பக்கம் எங்கள் அப்புச்சியின் கொரங்காடு. கிணறு இல்லை. பாசனம் இல்லை. சுற்றிலும் கிளுவை வேலி. தரையில் கொழுக்கட்டைப் புல். நடுநடுவே வெள்வேல மரங்கள். காங்கேயம் மாடும் செம்மறியாடும் மேய்வதற்கென்றே விட்ட காடு அது.

கோடையில் புல் காய்ந்துவிடும். அப்போதுதான் வெள்வேலங்காய் முற்றி உதிரும். பாருங்கள், புல் கைவிடும் நேரத்தில் மரம் தீனி கொடுக்கிறது.

அப்புச்சி உலுக்குவார். பேரன் பேத்திகள் நாங்கள் பொறுக்குவோம். யார் கூடை முதலில் நிறைகிறதோ அவருக்கு முதல் நுங்கு. எனக்கு அது கிடைத்ததே இல்லை. என் கூடையில் எப்போதும் ஒரு ஆட்டுக்குட்டி வாய் வைத்திருக்கும். அதை விரட்ட மனசு வராது.

இன்னொன்றும் உண்டு. ஆடு தின்ற காயில் எல்லா விதையும் செரிக்காது. புழுக்கையோடு விழும். மழை பெய்தால் முளைக்கும். ஆடு தின்றது காய். ஆடு நட்டது மரம்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களே, உங்களில் பலருக்கு ஊரில் இப்படி ஒரு காடு இருக்கும். பிள்ளைகளுக்குக் கோடை லீவு விட்டதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். ஒரு கை நிறையக் காயைக் கொடுத்து, கன்றுக்குட்டியிடம் நீட்டச் சொல்லுங்கள். அதன் நாக்கு உள்ளங்கையில் சொரசொரவென்று படும்.