மே மாதத்து ரிசல்ட்



புதுச்சேரிக்கு வடக்கே இருக்கும் நம் மீனவர் ஊர், பெரிய முதலியார்சாவடியின் மே மாதம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகில் கூலிக்குப் போகும் அப்பா வீட்டில் இருக்கிறார். கையில் காசில்லை, வாசலில் கடன்காரர். அந்த நேரம் பார்த்துத்தான் பத்தாவது, பிளஸ் டூ ரிசல்ட் வருகிறது!

பையன் கணக்கில் பெயிலாகிவிட்டான். பத்து மணிக்குள் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. "படிச்சுக் கிழிச்சது போதும், தடை முடிஞ்சதும் போட்டுக்கு வா" என்கிறார் அப்பா. அந்தக் கோபத்தில் பாதி கடனுக்கு உரியது. பதினாறு வயதுக்கு அது எப்படித் தெரியும்? சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போகிறான். திமிர் என்கிறோம். ராத்திரி தூக்கமில்லை, கூட்டாளிகளோடு பேச்சில்லை. வயசுக் கோளாறு என்கிறோம். பெண் பிள்ளை என்றால் பேச்சே கிடையாது, மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிடுகிறோம்.

முன்பெல்லாம் மணலில் கபடி ஆடியாவது ஆற்றிக்கொள்வார்கள். புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புக் கல் கொட்டிய பிறகு, வடக்கே நம் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. ஆடவும் இடம் குறைந்துவிட்டது. ஆற்றிக்கொள்ள வேறு வழி தேடுகிறான்: கோட்டக்குப்பம் தாண்டினால் புதுச்சேரி, சரக்கு மலிவு. முறைக்கிறீர்கள். முறையுங்கள், முதல் பாட்டிலை அவன் யார் கையில் பார்த்தான் என்பதையும் யோசியுங்கள்.

இப்படி ஒதுங்குகிற பிள்ளை உயிரையே விட்டுவிடவும் கூடும். சென்னையில் 1986-ல் 'ஸ்நேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். ரிசல்ட் நாளில் பிள்ளைகள் உயிரை விடுவதைப் பார்த்து, தவறியவர்களுக்கு உடனே மறுதேர்வு வேண்டும் என்று அரசிடம் வற்புறுத்தினார். துணைத் தேர்வு என்ற பெயரில் அது இன்று இருக்கிறது. ஜூன், ஜூலையில் எழுதித் தேறினால் ஒரு வருடம் வீணாகாது. ஆறுதல் வார்த்தையைவிட இந்த ஒரு ஏற்பாடு பெரிது என்பேன். மாநில ரேங்க் அறிவிப்பையும் 2017-லேயே அரசு நிறுத்திவிட்டது. நம் தெருதான் இன்னும் நிறுத்தவில்லை.

பிள்ளை பேசாமல் ஒதுங்கினால் 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் மனநல உதவி எண் அது. காசு கட்ட வேண்டாம், தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். துணைத் தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் எது என்று வாத்தியாரிடம் கேட்டு வையுங்கள். ரிசல்ட் வந்த அன்று ராத்திரி மட்டும், எவ்வளவு கோபமிருந்தாலும், பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.