கடலில் ஓடும் பேருந்து



புக்கிட் பெலண்டோக் தோட்டப்புறத்து இளைஞர் ஒருவர் பினாங்கிற்கு வேலை தேடிப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செரம்பானில் மின்இரயில் ஏறினால் பட்டர்வொர்த்தில் இறங்கலாம். நிலையத்தின் பக்கத்திலேயே ஃபெரித் துறை. சொந்த வாகனம் இல்லாமலே கடலைத் தாண்டி ஜார்ஜ்டவுனுக்குள் நுழைந்துவிடுவார். ஆனால் தோட்டத்திலிருந்து செரம்பான் நிலையத்துக்கு வர, யாராவது ஒருவரின் மோட்டார் சைக்கிளைத்தான் நம்ப வேண்டும். கடலைவிட, பக்கத்து ஊர்ச் சாலைதான் தூரமாகிவிட்டது!

பினாங்கு ஃபெரியைச் சுற்றுலாப் பொருளாகப் பார்ப்போர் பலர். அது கடலில் ஓடும் பேருந்து. 1894இல் தொடங்கிய சேவை. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. வேலைக்குப் போவோர், மாணவர், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குச் செல்லும் பக்தர்கள் என எல்லாருக்கும் அதுவே வழி.

1985இல் 13.5 கிலோமீட்டர் நீளத்தில் பாலம் வந்தது. பாலம் இருக்க ஃபெரி எதற்கு? கேட்கத் தோன்றும் கேள்விதான். ஆனால் அந்தப் பாலத்தில் நடந்து போக முடியாது. பாலம் வண்டி வைத்திருப்பவருக்கு. ஃபெரி கால் இருப்பவருக்கு. பல ஆண்டுகள் 1 வெள்ளி 20 சென் கொடுத்துத் தீவுக்குப் போனவர், திரும்பும்போது கட்டணமின்றியே வந்தார்.

ஏழைகள் பயணம் செய்யும் இடம்தானே என்ற அலட்சியமும் ஆகாது. 1988 ஜூலை 31ஆம் நாள், சமய விழாக் கூட்டம் நெரிந்த வேளையில் பட்டர்வொர்த் துறைமேடை இடிந்து விழுந்தது. 32 பேர் மாண்டனர்.

2020ஆம் ஆண்டு முடிவோடு கார்களை ஏற்றுவது நின்றது. 2023 ஆகஸ்டில் நான்கு புதிய ஃபெரிகள் வந்தன. இவற்றில் ஏறுவோர் நடந்து வருவோர், சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் மட்டுமே. கார்க்காரர்கள் குறைப்பட்டது உண்மை. எனினும் யாருக்கு வேறு வழியில்லையோ அவருக்குச் சேவை நிலைத்தது. அதுதான் முக்கியம்.

நெகிரி செம்பிலானிலோ கதை வேறு. செரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891லேயே இரயில் ஓடியது. இன்று அந்தப் பாதையில் பயணிகள் இரயில் இல்லை. தண்டவாளம் மீண்டும் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. தோட்டப்புறத்திலிருந்து காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. அவை செரம்பான் இரயில் நேரத்தோடு பொருந்த வேண்டும், இரயில் புறப்பட்ட பிறகு வந்து நிற்கும் பேருந்தால் யாருக்கும் பயனில்லை. தோட்டத் தலைவர்களும் பெற்றோரும் எத்தனை பேர், எந்த நேரத்தில் பயணம் செய்கிறார்கள் என்று எழுதி, சட்டமன்ற உறுப்பினரிடம் பட்டியலாகவே கொடுக்கலாம்.